ஆக்ஸ்போர்டில் ஒரே ஒரு நாள்: எந்த மியூசியத்துக்குப் போவது?

ஊரிலிருந்து யார் லண்டன் வந்தாலும் ஒரு நாளை ஆக்ஸ்போர்டுக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அப்புறம் எனக்குப் போன் வரும். "அங்கே யுனிவர்சிட்டி மியூசியமே நாலஞ்சு இருக்காமே, எதுக்குப் போறது?" ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அம்மாவோடு, அக்கா பிள்ளைகளோடு, தனியாக என்று ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கூட வந்தவர்களைப் பொறுத்து எனக்குக் கிடைத்த ஆக்ஸ்போர்டே வேறாக இருந்தது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு போனால் பார்க்ஸ் ரோட்டில் இருக்கும் இயற்கை வரலாற்று மியூசியம், அதன் முதுகோடு ஒட்டியிருக்கும் பிட் ரிவர்ஸ் மியூசியம். பெரியவர்களோடு, அல்லது தனியாக நின்று நிதானமாகப் பார்க்கிற ஆளாகப் போனால் போமான்ட் தெருவில் இருக்கும் அஷ்மோலியன். இரண்டையும் ஒரே நாளில் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்து, மாலை நான்கு மணிக்கு எதைப் பார்த்தோம் என்றே பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் பஸ் ஏறினேன்.

ஏன் இந்த மூன்று இடங்களுக்குள் தேர்ந்தெடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்றால், இவை மூன்றுமே ஒரு வகையில் ஒரே பெட்டியிலிருந்து பிரிந்து போனவை. 17ஆம் நூற்றாண்டில் லண்டனின் லாம்பெத் பகுதியில் ஜான் ட்ரடெஸ்கன்ட் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். அவர் மகனுக்கும் அதே பெயர், அதே தொழில். பிரபுக்களுக்கும் அரசருக்கும் தோட்டம் போட்டவர்கள். அப்பா ரஷ்யாவின் வடகோடி வரை போனார், மகன் வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறினார், போன இடத்திலிருந்தெல்லாம் விதை, செடி, ஓடு, எலும்பு, துணி, ஆயுதம் என்று கொண்டுவந்து வீட்டில் அடுக்கினார்கள். அந்த வீட்டுக்கு 'பேழை' என்றே பெயர். 6 பென்ஸ் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மகன் 1656இல் அதற்கு ஒரு பட்டியலும் அச்சிட்டார். அவர் இறந்த பிறகு சேகரிப்பு யாருக்கு என்று அவருடைய மனைவிக்கும் எலியாஸ் அஷ்மோல் என்பவருக்கும் வழக்கு நடந்து, கடைசியில் அஷ்மோல் கைக்குப் போய், அவர் அதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1683இல் பிராட் தெருவில் அதற்கென்றே கட்டிய கட்டடத்தில் அஷ்மோலியன் திறந்தது. பிரிட்டனின் முதல் பொது மியூசியம் என்று சொல்லப்படுவது அதுதான்.

அப்புறம்தான் பிரிவினை. 1860 வாக்கில் பறவை, மிருகம், எலும்பெல்லாம் பார்க்ஸ் ரோட்டுக்குப் போயின. 1886இல் பிற நாட்டு மக்களின் கைப்பொருட்கள் பிட் ரிவர்ஸுக்குப் போயின. மிச்சமிருந்த பழம்பொருட்கள் 1894இல் போமான்ட் தெருவுக்கு மாறின. பிராட் தெருவில் இருந்த பழைய கட்டடம் மட்டும் அங்கேயே நின்று, இப்போது அறிவியல் வரலாற்று மியூசியமாக இருக்கிறது. இந்தக் கதை தெரிந்தால் எந்தக் கட்டடத்தில் எது ஏன் இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும், தேர்ந்தெடுப்பதும் சுலபமாகிவிடும்.

முதலில் அஷ்மோலியன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து பத்து நிமிஷம், குளோஸ்டர் கிரீன் பஸ் நிலையத்திலிருந்து இன்னும் பக்கம். முன்பக்கம் பெரிய கிரேக்கத் தூண்களோடு இருக்கும் கட்டடம் 1845இல் முடிந்தது, சார்ல்ஸ் காக்கரெல் கட்டியது. அந்த முகப்பைப் பார்த்து உள்ளேயும் இருட்டாகப் பழசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2009இல் 6 கோடியே 10 லட்சம் பவுண்டு செலவில் பின்பக்கத்தைப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். 39 காட்சிக் கூடங்கள் புதிதாகச் சேர்ந்தன. நடுவில் மேலிருந்து வெளிச்சம் இறங்கும், படிகள் வளைந்து ஏறும், லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களோடு போகிறீர்கள் என்றால் இந்த லிஃப்ட் ஒன்றே பெரிய காரணம்.

உள்ளே என்ன பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்கவே முடியாது, அதனால் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். ஆல்ஃபிரட் நகை, அதாவது 9ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அரசர் ஆல்ஃபிரடோடு சேர்த்துச் சொல்லப்படும் நகை. 1693இல் சாமர்செட்டில் ஒரு வயலில் கிடைத்தது. நம் விரல் நீளம்தான், தங்கம், நடுவில் ஸ்படிகக் கல், அதற்கடியில் மினாவேலையில் பெரிய கண்களோடு ஒரு உருவம். ஓரத்தைச் சுற்றித் தங்கத்திலேயே எழுத்துகள் வெட்டியிருக்கும்: ஆல்ஃபிரட் என்னைச் செய்வித்தார் என்று. பொருள் தானே பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். கீழ்முனையில் ஒரு மிருகத்தலை, அதன் வாயில் ஒரு குழல். புத்தகம் வாசிக்கும்போது வரியைத் தொட்டுக் காட்டும் குச்சியை அதில் செருகியிருப்பார்கள் என்று ஒரு கருத்து. கண்ணாடியை ஒட்டி நின்று, எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பாருங்கள்.

ட்ரடெஸ்கன்ட் காலத்துப் பொருட்களில் நான் தவறவே விடாதது போஹாட்டன் போர்வை. வர்ஜீனியாவிலிருந்து வந்தது, அங்கிருந்த பூர்வகுடித் தலைவர் போஹாட்டனின் பெயரில் அழைக்கப்படுவது. நான்கு மான்தோல்களை நரம்பால் தைத்து ஒன்றாக்கி, அதன் மேல் சின்னச் சின்னச் சிப்பிகளால் நடுவில் ஒரு மனிதன், இரு பக்கமும் இரண்டு மிருகங்கள், மீதி இடமெல்லாம் வட்டங்கள். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். வட்டங்களை எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டும். ஒவ்வொன்றும் பூர்வகுடிகளின் ஒரு ஊரைக் குறிக்கலாம் என்கிறார்கள். சில இடங்களில் சிப்பி உதிர்ந்துபோய் நூல் துளை மட்டும் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது யார் உட்கார்ந்து தைத்தார்களோ அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஸ்ட்ராடிவரி 1716இல் செய்த 'மெசையா' வயலின். செய்த அன்றைக்கு இருந்த மாதிரியே வார்னிஷ் பளபளக்கும், ஏனென்றால் அதை யாரும் வாசிப்பதில்லை. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த என் தோழிக்கு இது பெரிய வருத்தம், 'வாசிக்காத வயலின் என்ன வயலின்' என்று கண்ணாடி முன்னாலேயே நின்று கேட்டாள். அதில் எனக்கும் இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த மரத்தின் வரிகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். உச்செல்லோவின் காட்டு வேட்டை ஓவியம், கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸ் கொண்டுவந்து சேர்த்த பானைகள், சுமேரிய அரசர் பட்டியல் எழுதிய களிமண் பட்டகம், 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸ் என்பவரின் லாந்தர் விளக்கு. இவை எல்லாம் வரிசையில் காத்திருக்கும். எவன்ஸ் இந்த மியூசியத்துக்கே பொறுப்பாளராக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர் என்பதால் கிரீட் பொருட்கள் கிரீஸுக்கு வெளியே இங்கேதான் இவ்வளவு.

அஷ்மோலியனைப் பற்றி ஒரு தமிழராக எழுதும்போது திருமங்கையாழ்வாரைச் சொல்லாமல் நகர முடியாது. 2018இல் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். அம்மா பிறந்தது திருநகரிப் பக்கம். திருமங்கையாழ்வார் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடித்த கதையை நடத்திக் காட்டும், பங்குனியில் நடக்கும் வேடுபறியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். இந்தியக் கூடத்தில் நடந்துகொண்டே வந்தவர் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். வலது கையில் வாள், இடது கையில் கேடயம். பக்கத்துச் சீட்டில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் குனிவதற்குள், "இவர் எங்க ஊர் ஆழ்வார்டி, திருமங்கை மன்னன்" என்று சொல்லிவிட்டுக் கைகூப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பாசுரம் முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "இங்கே இவருக்கு யார் விளக்கு ஏத்துறா?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருஷம்தான் செய்தி வந்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் திருமேனியை மியூசியம் 1967இல் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் வாங்கியிருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் 1957இல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் இதே ஆழ்வார் கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்கிறார். ஆய்வாளர் ஒருவர் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல, 2019இல் மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தெரியப்படுத்தியது. 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இந்தியாவிடம் திருப்பித் தருவதற்கு ஒத்துக்கொண்டது. அதனால் அவரைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு அஷ்மோலியனுக்குப் போகாதீர்கள். அவர் இருக்க வேண்டிய இடம் அவருடைய கோயில். ஆனால் அந்தக் கூடத்துக்குப் போங்கள். இந்தியச் சிற்பங்களையும் செப்புத்திருமேனிகளையும் இங்கே நல்ல வெளிச்சத்தில், சுற்றி வந்து, முதுகுப்பக்கத்து முடிச்சு வரை பார்க்கலாம். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருப்பதெல்லாம் தெரியும். எது எப்போது எப்படி வந்தது என்று சீட்டுகளையும் படியுங்கள்.

சரி, பார்க்ஸ் ரோடு. அஷ்மோலியனிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். வெளியே இருக்கும் புல்வெளியிலேயே ஆரம்பமாகிவிடும். 1997இல் ஆர்ட்லி கல்குவாரியில் கண்டெடுத்த டைனோசர் காலடித் தடங்களை வார்ப்பெடுத்து, அதே இடைவெளியில் புல்லில் பதித்திருக்கிறார்கள். அக்கா மகன் அப்போது ஏழு வயது. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை அடி என்று தன் காலால் அளந்துகொண்டே போனான், உள்ளே கூட்டிப் போவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று.

உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். 1860இல் திறந்த கட்டடம், டீன், வுட்வர்ட் என்ற இருவர் வரைந்தது. ரயில் நிலையம் மாதிரி இரும்பும் கண்ணாடியுமான கூரை, ஆனால் இரும்புத் தூண்களின் உச்சியில் இலையும் பனையோலையுமாக விரிந்திருக்கும். முதலில் போட்ட இரும்புச் சட்டம் கண்ணாடியின் பாரத்தைத் தாங்காமல், அதைப் பிரித்து மறுபடி செய்தார்கள். கூடத்தைச் சுற்றி இருக்கும் கல்தூண்கள்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒவ்வொரு தூணும் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளின் வெவ்வேறு பாறை. அடியில் கல்லின் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். தூணின் தலையில் ஒவ்வொரு வகைச் செடி. அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரர்கள், தாவரவியல் தோட்டத்திலிருந்து தினம் செடியைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்களாம். நம் ஊர் ஸ்தபதிகள் போதிகையில் செய்கிற வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடித்துவிடும். பணம் தீர்ந்துபோனதால் முகப்பில் சில இடங்கள் வெறும் கல்லாகவே விடப்பட்டிருக்கின்றன, அதையும் கவனியுங்கள்.

இந்தக் கட்டடம் திறந்த அதே 1860 ஜூனில்தான் டார்வினின் கொள்கையைப் பற்றி தாமஸ் ஹக்ஸ்லிக்கும் பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதில் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை. ஆனால் நடந்தது இந்த வளாகத்துக்குள்தான்.

பிள்ளைகளுக்கு இங்கே மூன்று விஷயம் போதும். ஒன்று, நடுக்கூடத்தில் நிற்கும் டி. ரெக்ஸ் எலும்புக்கூட்டு வார்ப்பு, அதோடு வரிசையாக நிற்கும் யானை எலும்புக்கூடுகள். இரண்டு, தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதியே வைத்திருக்கும் மாதிரிகள். தொடாதே, தொடாதே என்று பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கத்துகிற பெற்றோருக்கு இது எவ்வளவு நிம்மதி என்று நேரில் போனால்தான் தெரியும். மூன்று, மெகலோசாரஸின் தாடை எலும்பு. 1824இல் வில்லியம் பக்லண்ட் அறிவியல் முறைப்படி விவரித்த முதல் டைனோசர் அது. 'டைனோசர்' என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. இன்னொரு செய்தி: அஷ்மோலியனின் முதல் பொறுப்பாளராக இருந்த ராபர்ட் பிளாட், 1677இலேயே இப்படியொரு பெரிய எலும்பின் படத்தைத் தன் புத்தகத்தில் போட்டு, ராட்சத மனிதனின் தொடை எலும்பு என்று எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. அக்கா மகளுக்கு (அவளுக்குப் பதினொன்று) டைனோசரைவிட இந்தக் கதைதான் பிடித்தது. பெரியவர்களும் தப்பாகச் சொல்லலாம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் டோடோ, உலகத்திலிருந்தே அழிந்துபோன பறவை. ட்ரடெஸ்கன்ட் பட்டியலில் 'மொரீஷியஸ் தீவின் பறவை, உடம்பு பெரிதென்பதால் பறக்க முடியாது' என்கிற மாதிரி ஒரு வரியில் வந்துபோன அதே பறவை. பாடம் பண்ணிய உடல் கொஞ்சம் கொஞ்சமாக மட்கி, கடைசியில் தலையும் ஒரு காலும்தான் மிஞ்சின. உலகத்தில் டோடோவின் தோலும் சதையும் மிச்சமிருப்பது இந்தத் தலையில்தான். 2018இல் அந்த மண்டை ஓட்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பின்னந்தலையில் ஈயக் குண்டுகள் இருந்தன. யாரோ சுட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் அது லண்டனில் உயிரோடு காட்சிக்கு இருந்த பறவை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கண்ணாடிப் பெட்டியில் நீங்கள் பார்ப்பது வார்ப்பும் எலும்பும் மாதிரி உருவமும்தான், அசல் தலையைப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாறக் கூடாது. சின்னவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். "எதுக்கு சித்தி சுட்டாங்க?" என்று கேட்டான், பஸ்ஸிலும் கேட்டான், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் கேட்டான்.

இதே கூடத்தின் கடைசியில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் பிட் ரிவர்ஸ். தனி வாசல் கிடையாது என்பதால் நிறைய பேர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் வெயில் கொட்டும் கண்ணாடிக் கூரை, அந்தப் பக்கம் காலடி வைத்ததும் அரையிருட்டு. ஜெனரல் பிட்-ரிவர்ஸ் 1884இல் தன் சேகரிப்பைக் கொடுத்தபோது இருபதாயிரத்துச் சொச்சம் பொருட்கள், இன்றைக்குப் புகைப்படம், கையெழுத்துப்படி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல். மூன்று தளம். நெருக்கமான பெட்டிகள், பெட்டிக்கு அடியிலும் இழுப்பறைகள் (இழுத்துப் பார்க்கலாம், தாராளமாக இழுங்கள்), கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள். கைபேசி விளக்கை அடித்துத்தான் சிலதைப் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கே பொருட்களை நாடு வாரியாக வைக்கவில்லை. பூட்டு என்றால் உலகத்துப் பூட்டெல்லாம் ஓரிடத்தில். சீப்பு, படகு, முகமூடி, மந்திரத் தாயத்து, தந்திக் கருவி எல்லாமே அப்படித்தான். வடகிழக்கு இந்தியாவின் நாகர்களின் அணிகலனுக்குப் பக்கத்தில் பசிபிக் தீவுக்காரர் ஒருவரின் அணிகலன். ஒரே தேவைக்கு எத்தனை கைகள் எத்தனை விதமாக யோசித்திருக்கின்றன என்று பார்க்கும்போது பிரமிப்பாக இருக்கும். ஆனால் இந்த அடுக்குமுறைக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருந்தது: எளிமையானதிலிருந்து சிக்கலானதுக்கு, 'பிற்பட்ட' மக்களிலிருந்து 'முன்னேறிய' மக்களுக்கு என்று மனித குலமே ஏணியில் ஏறி வந்ததாக நினைத்த 19ஆம் நூற்றாண்டு எண்ணம். அந்த ஏணியின் கீழ்ப்படியில் நம்மையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். காலனி ஆட்சியில் அதிகாரிகள் எடுத்து வந்தவை நிறைய. மியூசியமே இப்போது அதைப் பற்றி வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் சுருக்கிய மனிதத் தலைகளைப் பார்க்கத்தான் ஒரு காலத்தில் கூட்டம் வரும். 2020இல் அவற்றைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள். அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் நின்று, கனடாவின் ஹைடா மக்களின் மரத்தூணை அடியிலிருந்து நுனி வரை பாருங்கள், பதினோரு மீட்டருக்கு மேல். ஒரு முழு மரம், ஒரு வீட்டின் முன்னால் நின்றது, 1901இல் வாங்கி இங்கே கொண்டுவந்தார்கள். மேல்தளங்களுக்குப் போனால் அதன் முகங்கள் ஒவ்வொன்றாக நம் கண் உயரத்துக்கு வரும்.

பிராட் தெருவின் அறிவியல் வரலாற்று மியூசியத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு மணி நேரம் போதும். 1683இன் கட்டடம் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் அடித்தளத்தில் ரசாயனக் கூடம், நடுவில் பாடம் நடத்தும் இடம், மேலே மியூசியம். இப்போது உலகத்திலேயே பெரிய ஆஸ்ட்ரோலேப் (சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் பழைய கருவி) தொகுப்பு இங்கே. கூடவே 1931 மே 16 அன்று ஐன்ஸ்டைன் பாடம் நடத்தியபோது எழுதிய கரும்பலகை, அழிக்காமல். கடைசி வரிகளில் பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது. சாக்பீஸ் கோடு தடித்தும் மெலிந்தும் போவது வரை தெரியும். அவர் எழுதிய இன்னொரு பலகையையும் எடுத்து வைத்தார்கள், அதை யாரோ தவறுதலாகத் துடைத்துவிட்டார்கள். பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு பலகைக்காகவே கூட்டிப் போங்கள். மற்றவர்களுக்கு, போகிற வழியில் நேரம் இருந்தால் போதும். படிகள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நடைமுறைக் கணக்கு. நான்குக்கும் நுழைவு இலவசம். அஷ்மோலியனில் சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட். அஷ்மோலியனும் இயற்கை வரலாறும் காலை 10 முதல் மாலை 5 வரை. திங்கட்கிழமை போவதாக இருந்தால் கவனம்: பிட் ரிவர்ஸ் அன்றைக்கு மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். இதைப் பார்க்காமல் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெரியம்மாவைக் கூட்டிப் போய், அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேன். அறிவியல் வரலாற்று மியூசியம் திங்கட்கிழமை கிடையாது, மற்ற நாட்களிலும் பிற்பகல்தான். நேரம் மாறுவது உண்டு, கிளம்புகிற அன்றைக்கு இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லண்டன் பேடிங்டனிலிருந்து ரயில் ஒரு மணி நேரம். விக்டோரியாவிலிருந்து பஸ் என்றால் சாலை காலியாக இருந்தாலே ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கம், ஆனால் நான்கு பேர் குடும்பத்துக்குச் செலவு நன்றாகக் குறையும். பிள்ளைகளோடு காலையில் ரயிலில் போய், திரும்பும்போது பஸ்ஸில் தூங்க வைத்துக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். கார் எடுத்துப் போகிறவர்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பார்க் அண்ட் ரைடில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் உள்ளே வருவது நல்லது, நகருக்குள் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை போய்விடும்.

சாப்பாடு விஷயத்தில் பார்க்ஸ் ரோட்டுக்கு என் ஓட்டு. பக்கத்திலேயே பல்கலைக்கழகப் பூங்கா. பெரிய புல்வெளி, மரநிழல், உட்கார இடம். அம்மா வந்திருந்தபோது இரண்டாம் நாள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் அங்கே சாப்பிட்டோம். அஷ்மோலியனில் கீழே காபிக் கடை, மொட்டை மாடியில் உணவகம், அழகான இடம்தான், விலை கூடுதல். மழை நாள் என்றால் கணக்கு மாறும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதும், நாள் முழுக்க ஒரே கூரைக்குள் சமாளிக்க முடிவதும் அஷ்மோலியன்தான். பார்க்ஸ் ரோட்டுக்கு நிலையத்திலிருந்து நடை இருபது நிமிஷத்துக்கு மேல்.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இது. காலை பத்துக்கு இயற்கை வரலாறு, பதினொன்றரைக்குப் பிட் ரிவர்ஸ், ஒரு மணிக்குப் பூங்காவில் சாப்பாடு, இரண்டு மணிக்கு மெதுவாக நடந்து பிராட் தெரு வழியாக அந்தக் கரும்பலகை, மூன்றரைக்கு அஷ்மோலியனில் இரண்டே இரண்டு இடம்: ஆல்ஃபிரட் நகை, போஹாட்டன் போர்வை. மற்ற எதையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அங்கே போங்கள். அஷ்மோலியனிலிருந்து நிலையம் பக்கம் என்பதால் அதைக் கடைசியில் வைப்பதுதான் காலுக்கும் நல்லது. அம்மா மாதிரி எழுபது வயதுக்காரர் கூட இருந்தால் இந்த வரிசையே வேண்டாம், அஷ்மோலியனில் மூன்று கூடம், இடையில் இரண்டு முறை காபி, அவ்வளவுதான்.

அடுத்த கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். பெரியவளுக்கு இப்போது பௌதிகம் பிடித்திருக்கிறது, அதனால் பிராட் தெரு நிச்சயம். சின்னவன் போனிலேயே சொல்லிவிட்டான், டோடோவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று. பார்க்ஸ் ரோட்டுக்குப் பத்து மணிக்கே போய்விடுவோம். புல்வெளியில் அவன் மறுபடி தடம் அளப்பதற்கு அரை மணி நேரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், கால் இப்போது வளர்ந்திருக்கும் இல்லையா.